ஒரு எஸ்.எம்.எஸ்... பத்து டாலர்... ஆறு வீடு!

‘பீப்... பீப்...’

செகண்ட் அவர். புரொஃபசர் போர்டு பக்கம் திரும்பின நேரம் பாத்து, டெஸ்க்குக்கு அடியில மொபைலை எடுத்தா ஒரு மெசேஜ். ‘ஒரு குழந்தைக்கு ஆபரேஷன். இதை ஃபார்வர்டு பண்ணினா, ஒவ்வொரு மெசேஜுக்கும் கம்பெனி 10 காசு கொடுக்கும். மனிதாபிமானம் இருந்தா டெலிட் பண்ணாதீங்க.’

உடனே பதினைஞ்சு பேருக்குத் தட்டி விட்டுட்டு, ஒரு உயிரைக் காப்பாத்தின திருப்தியோட கேன்டீனுக்குப் போன தலைமுறை ஒண்ணு உண்டு. 2005, 2006-ல காலேஜ் படிச்ச அண்ணன், அக்கா, சித்தப்பா யாரையாவது கேட்டுப் பாருங்க. தீபாவளி அன்னிக்கு எஸ்.எம்.எஸ் பேக் வேலை செய்யாதுன்னு, முதல் நாளே வாழ்த்து அனுப்பி முடிச்ச புத்திசாலிகள் அவங்க!

அந்த 10 காசு எந்தக் குழந்தைக்கும் போய்ச் சேரலை. நீங்க அனுப்பறது ஃபார்வர்டா, சொந்தமா டைப் பண்ணினதான்னு நெட்வொர்க்குக்குத் தெரியவே தெரியாது. அப்புறம் எப்படி எண்ணிக் காசு கொடுக்கும்? சுத்த டுபாக்கூர். அதே மெசேஜ் இப்போ வேஷம் மாத்திக்கிட்டு வாட்ஸ்அப்புல சுத்திக்கிட்டு இருக்கு.

ஆனா பாஸ், ஒரு எஸ்.எம்.எஸ் நிஜமாவே காசா மாறும். கோடிக்கணக்குல மாறியும் இருக்கு. அந்தக் கதையைத்தான் இப்போ பாக்கப் போறோம்.

160 வந்த கதை

1985. ஜெர்மனியோட பான் நகரம். ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லெபிராண்ட்ங்கற தொலைத்தொடர்பு இன்ஜினீயர் டைப்ரைட்டர் முன்னாடி உட்கார்ந்து, மனசுல தோணின வாக்கியங்களை எல்லாம் அடிச்சுப் பாத்தார். எழுத்து, இடைவெளி, புள்ளி எல்லாத்தையும் எண்ணினார். பெரும்பாலும் 160-ஐத் தாண்டவே இல்லை. ‘மனுஷன் சொல்ல வர்ற விஷயத்துக்கு 160 போதும்’னு முடிவாச்சு. 1992 டிசம்பர் 3-ம் தேதி, இங்கிலாந்துல நீல் பாப்வொர்த்ங்கற இளைஞர் உலகத்தோட முதல் எஸ்.எம்.எஸ்-ஸை அனுப்பினார். அதுல இருந்தது வெறும் கிறிஸ்துமஸ் வாழ்த்து.

நம்ம தமிழுக்கு அந்த 160 கிடையாது. யூனிகோட்ல அனுப்பினா ஒரு மெசேஜுக்கு 70 இடம்தான். ‘ரத்தம்’னு எழுதினா நம்ம கண்ணுக்கு நாலு எழுத்து. போனுக்கு ஆறு! புள்ளி, கால் எல்லாத்துக்கும் தனித்தனி இடம். நம்ம பசங்க ‘தங்கிலீஷ்’ல டைப் பண்ணப் பழகினதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வளவு சின்ன டப்பாவுக்குள்ள ஒரு நிதி திரட்டும் இயக்கத்தையே அடைக்க முடியுமா?

90999

2010 ஜனவரி 12. கரீபியன் தீவு நாடான ஹைட்டியில பயங்கர நிலநடுக்கம். தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ் நொறுங்கிப் போச்சு. அன்னிக்கே அமெரிக்காவுல ஒரு அறிவிப்பு: ‘ஹைட்டி’ன்னு ஒரே ஒரு வார்த்தையை டைப் பண்ணி 90999-க்கு அனுப்புங்க. ‘சம்மதமா?’ன்னு ஒரு பதில் வரும். ‘எஸ்’ போட்டா முடிஞ்சது. பத்து டாலர் உங்க போன் பில்லோட சேர்ந்துடும். அந்தத் தொகை அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் போயிடும்.

கிரெடிட் கார்டு வேணாம். ஃபார்ம் வேணாம். க்யூ வேணாம். இந்த ஒரு நம்பர் வழியா மட்டும் 3 கோடியே 20 லட்சம் டாலருக்கும் மேல குவிஞ்சது!

கொடுத்தது யாரு? 2012-ல ‘பியூ’ ஆய்வு மையம், இப்படிப் பணம் அனுப்பினவங்ககிட்ட விசாரிச்சது. பத்துல ஒன்பது பேர் டி.வி-யில பாத்துத் தெரிஞ்சுக்கிட்டவங்க. பாதிப் பேர் கேள்விப்பட்ட கையோட அனுப்பினவங்க. முக்கால்வாசிப் பேருக்கு, எஸ்.எம்.எஸ்-ல நன்கொடை கொடுக்கறது அதுதான் முதல் தடவை. முன்னாடியே நல்லா விசாரிச்சுட்டுக் கொடுத்தவங்க வெறும் 14 சதவிகிதம். பாதிக்கும் மேல, அதுக்கப்புறம் ஹைட்டியில என்ன நடக்குதுன்னு பெருசா கவனிக்கவே இல்லை.

அழுகை வந்தது, அனுப்பினோம், மறந்தோம். நாம என்ன ஒழுங்கா? நம்ம கதையும் அதே கதைதானே!

ஆறே ஆறு!

2015 ஜூன். அமெரிக்காவுல ‘புரோபப்ளிகா’ன்னு ஒரு புலனாய்வு இதழும், ‘என்.பி.ஆர்’ வானொலியும் சேர்ந்து ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாங்க. எஸ்.எம்.எஸ், காசோலை, கார்டுன்னு எல்லா வழியிலயும் செஞ்சிலுவைச் சங்கம் ஹைட்டிக்காகத் திரட்டினது கிட்டத்தட்ட 50 கோடி டாலர். அதுல கட்டின நிரந்தர வீடுகள் எத்தனை தெரியுமா? ஆறே ஆறுன்னு அவங்க எழுதினாங்க.

சங்கம் சும்மா இருக்கலை. ‘நிலம் வாங்கறதுல சிக்கல் இருந்துச்சு. தற்காலிக வீடு, ரிப்பேர், வாடகை உதவின்னு லட்சத்துக்கும் மேற்பட்டவங்களுக்கு உதவியிருக்கோம். மருத்துவத்துக்கும் குடிநீருக்கும் செலவு பண்ணியிருக்கோம்’னு பதில் சொன்னாங்க. வாதம் ரொம்ப நாள் ஓடுச்சு.

நம்ம பாயின்ட் வேற. பத்து டாலர் கேட்ட மெசேஜ் எல்லாருக்கும் வந்துச்சு. ‘உன் பத்து டாலர்ல இதைப் பண்ணினோம்’னு கணக்கு சொல்ற மெசேஜ்? முதல் மெசேஜ் கேக்கறதுக்கு. ரெண்டாவது மெசேஜ் கணக்கு சொல்றதுக்கு. அந்த ரெண்டாவது மெசேஜுக்காகக் காத்திருந்தவங்க ரொம்பக் கம்மி.

அதே ஹைட்டியில எதிர்த்திசையில ஒரு எஸ்.எம்.எஸ் அதிசயமும் நடந்துச்சு. 4636-ங்கற நம்பருக்கு, இடிபாட்டுக்கு நடுவுல இருந்த ஜனங்களே ‘நாங்க இங்க இருக்கோம், தண்ணி இல்லை’ன்னு காசில்லாம மெசேஜ் அனுப்ப முடிஞ்சது. மெசேஜ் எல்லாம் கிரியோல் மொழியில. பல நாடுகள்ல இருந்த ஹைட்டிக்காரங்க ராத்திரி பகலா உட்கார்ந்து அதை மொழிபெயர்த்து, மீட்புக் குழுக்களுக்குக் கிடைக்கற மாதிரி பண்ணாங்க. காசு கொடுக்க மட்டும் இல்லை, குரல் கொடுக்கவும் எஸ்.எம்.எஸ் உதவுச்சு.

நம்ம ஊர் கட்டை விரல்

இந்தியாவுல இந்த ஷார்ட் கோடு வித்தையை முதல்ல நல்லாப் புரிஞ்சுக்கிட்டது தர்மம் பண்றவங்க இல்லை... வியாபாரம் பண்றவங்க!

2007-ல ஸ்டார் பிளஸ் சேனல்ல ஷாருக் கான் நடத்தின ‘கௌன் பனேகா குரோர்பதி’ ஞாபகம் இருக்கா? டி.வி பாக்கறவங்களுக்கும் ஒரு போட்டி வெச்சாங்க. கேள்விக்கு எஸ்.எம்.எஸ்-ல பதில் அனுப்பினா, சரியாச் சொன்ன ஒருத்தருக்கு 2 லட்சம் ரூபாய். ஒரு எஸ்.எம்.எஸ் 2 ரூபாய் 40 காசு. வந்து குவிஞ்சது சுமார் 5 கோடியே 80 லட்சம் எஸ்.எம்.எஸ்!

‘பரிசுப் பணமே ஜனங்களோட எஸ்.எம்.எஸ் காசுலேருந்துதான் வருது. அதை அவங்ககிட்ட சொல்லலை’ன்னு ஒரு நுகர்வோர் அமைப்பு வழக்குப் போட்டுச்சு. 2008-ல தேசிய நுகர்வோர் ஆணையம், சேனலுக்கும் ஏர்டெல்லுக்கும் சேர்த்து ஒரு கோடி ரூபாய் அபராதம் போட்டுச்சு. ஆனா 2019-ல சுப்ரீம் கோர்ட், ‘அந்தக் காசுலேருந்துதான் பரிசு கொடுத்தாங்கங்கறதுக்கு ஆதாரம் இல்லை’ன்னு அந்த உத்தரவை ரத்து பண்ணிடுச்சு.

யார் ஜெயிச்சாங்கங்கறதை விடுங்க. பன்னிரண்டு வருஷ வாதத்துக்குப் பின்னாடி இருந்தது ஒரே ஒரு கேள்வி... என்னோட ரெண்டு ரூபா நாப்பது காசு எங்க போச்சு?

அதே 2007-ல இன்னொரு அலை. ‘தாஜ்மஹாலைக் காப்பாத்துங்க! உலக அதிசயப் பட்டியல்ல இடம் பிடிக்க ஓட்டுப் போடுங்க!’ எஸ்.எம்.எஸ்-லயும் ஓட்டு. தேசபக்தி பொங்கி விரல் தேய அனுப்பினோம். ஜூலை 7-ம் தேதி லிஸ்பன்ல தாஜ்மஹால் ஜெயிச்சுது. ஆனா அதுக்கு முன்னாடியே யுனெஸ்கோ, ‘இது ஒரு தனியார் பிரசாரம். எங்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை’ன்னு தெளிவா அறிக்கை விட்டிருந்துச்சு. அதை யாரும் ஃபார்வர்டு பண்ணலை!

ஷார்ட் கோடு, ஒரு வார்த்தை, சின்னத் தொகை, டி.வி-யில ஒரு ஸ்டார், ‘இன்றே கடைசி’... தர்மத்துக்கும் வியாபாரத்துக்கும் டூல்ஸ் ஒண்ணேதான். அதனாலதான் ரெண்டையும் பிரிச்சுப் பாக்கறது கஷ்டம்.

விளம்பர எஸ்.எம்.எஸ் தொல்லை தாங்காம, 2007-ல ‘தொந்தரவு செய்யாதீர்’ பதிவேடு வந்துச்சு. 1909-ல பதிவு பண்ணிக்கலாம். இப்போ இன்னும் ஒரு வசதி... 2025-லேருந்து, அனுப்பறவங்க பேரோட கடைசியில ஒரு ஆங்கில எழுத்து ஒட்டிக்கிட்டு வரும். ‘பி’ன்னா விளம்பரம், ‘எஸ்’னா சேவை, ‘டி’ன்னா பணப் பரிமாற்றம் மாதிரி தகவல், ‘ஜி’ன்னா அரசாங்கம். அடுத்த தடவை ‘அதிரடி ஆஃபர்’ வந்தா, வாலைப் பாருங்க!

விரல் கொஞ்சம் வழுக்கினா...

2012 ஆகஸ்ட். வடகிழக்கு மாநிலத்துக்காரங்களைத் தாக்கப் போறாங்கன்னு எஸ்.எம்.எஸ் வழியாவும் வதந்தி பரவுச்சு. பெங்களூரு, சென்னை, புனேன்னு பல ஊர்கள்ல படிச்சுக்கிட்டும் வேலை பாத்துக்கிட்டும் இருந்த ஆயிரக்கணக்கான பேர், கையில கிடைச்ச பையோட ரயில் ஏறினாங்க. நம்ம வயசுப் பசங்க, பொண்ணுங்க! அரசாங்கம் 15 நாளைக்கு, ஒரே சமயத்துல அஞ்சு பேருக்கு மேல எஸ்.எம்.எஸ் அனுப்பத் தடை போட வேண்டியதாச்சு.

அந்த மெசேஜை ஃபார்வர்டு பண்ணின பலபேர் கெட்டவங்க இல்லை. ‘ஃப்ரெண்டு பத்திரமா இருக்கட்டும்’னு நினைச்சவங்கதான். அந்தக் குழந்தை ஆபரேஷன் மெசேஜை அனுப்பினவங்களோட அதே நல்ல மனசு!

நீங்க அனுப்பும்போது...

என்.எஸ்.எஸ், ரோட்டராக்ட், யூத் ரெட் கிராஸ்னு கேம்பஸ்ல ஏதாவது ஒண்ணுல இருப்பீங்க. அடிக்கடி போற மெசேஜ், ரத்தம் கேட்டுதான். அதை இப்படி அனுப்புங்க...

* ரத்த வகை, எத்தனை யூனிட், ஆஸ்பத்திரி, ஊர், தொடர்பு நம்பர்... இந்த அஞ்சும் இல்லாத மெசேஜை அனுப்பாதீங்க.

* தேதியும் நேரமும் கட்டாயம். ‘அர்ஜென்ட்’, ‘இன்னிக்கு’ன்னு மட்டும் போட்டா, அந்த ‘இன்னிக்கு’ மூணு வருஷத்துக்கு ஓடும்!

* உங்களுக்கு வந்ததை அனுப்பறதுக்கு முன்னாடி, அந்த நம்பருக்கு ஒரு போன். ஒரு நிமிஷ வேலை.

* 18 வயசு, 45 கிலோ எடை, ரெண்டு தானத்துக்கு நடுவுல ஆண்களுக்கு மூணு மாசம், பெண்களுக்கு நாலு மாசம் இடைவெளி. இதைச் சரி பாத்து கிளாஸ்ல ஒரு லிஸ்ட் வெச்சிருந்தா, ஐநூறு பேருக்கு அனுப்ப வேணாம். அஞ்சு பேருக்கு அனுப்பினா போதும்.

* பணம் திரட்டறீங்களா? ‘எவ்வளவு வந்துச்சு, யார்கிட்ட கொடுத்தோம், மிச்சம் என்ன?’ இந்த மூணையும் கொடுத்த அத்தனை பேருக்கும் அனுப்புங்க. பத்து ரூபா கொடுத்தவனுக்கும்!

எல்லாத்தையும் விட முக்கியமானது ஒண்ணு பாக்கி இருக்கு. ராத்திரி பதினோரு மணிக்கு ஓ நெகட்டிவ் கேட்டு ஹாஸ்டலையே எழுப்புவோம். ஆள் கிடைச்சதும் மறந்துடுவோம். மெசேஜ் மட்டும் ஊர் சுத்திக்கிட்டே இருக்கும். அடுத்த வாரமும் அந்த அப்பாவோட போன் அடிச்சுக்கிட்டே இருக்கும். ‘அதான் கிடைச்சிடுச்சே’ன்னு அலுத்துப்போய் அவர் போனை ஆஃப் பண்ணுவார். பாத்து ஏமாந்த நாமளும், அடுத்து வர்ற நிஜ மெசேஜை ‘இதுவும் பழசாத்தான் இருக்கும்’னு தள்ளி விட்டுடுவோம். அங்கே ஒருத்தர் காத்துக்கிட்டு இருப்பார்.

அதனால, ‘ரத்தம் கிடைச்சாச்சு. நன்றி. இனி ஃபார்வர்டு பண்ணாதீங்க.’ இதையும் அதே ஆட்களுக்கு அனுப்பிட்டு அப்புறம் தூங்கப் போங்க, ப்ளீஸ்!