மூன்று வீடு, ஒரே கொல்லைப்புறம்

தெருவில் நின்று பார்ப்பவர்களுக்கு அவை அடுத்தடுத்த மூன்று வீடுகள். மூன்று வாசல், மூன்று குடும்பம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டியை ஒட்டிய சாண்டி என்ற ஊரில், கொஞ்சம் வசதியானவர்கள் குடியிருக்கும் பகுதி. பின்பக்கம் போனால்தான் விஷயம் தெரியும். மூன்று வீட்டுக்கும் நடுவே வேலி கிடையாது. ஒரே கொல்லைப்புறம், ஒரே நீச்சல் குளம். ஏழு பிள்ளைகள் எந்த வீட்டுக் கதவையும் தட்டாமல் திறந்துகொண்டு ஓடுகிறார்கள். மூன்று வீட்டுக்கும் புருஷன் ஒருவன்தான்.

எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் 2006 மார்ச்சில் தொடங்கி 2011 மார்ச்சில் முடிந்த 'பிக் லவ்' தொடரின் களம் இது. ஐந்து சீசன், 53 எபிசோடு. உருவாக்கியவர்கள் மார்க் வி. ஓல்சன், வில் ஷெஃபர். பில் பாக்ஸ்டன் நடித்த பில் ஹென்ரிக்சன், 'ஹோம் ப்ளஸ்' என்ற வீட்டுச் சாமான் கடைகளின் முதலாளி. முதல் எபிசோடு முடிந்ததும் திரையில் ஒரு குறிப்பு வந்தது. மார்மன் திருச்சபை பலதார மணத்தை 1890இலேயே கைவிட்டுவிட்டது என்றும், ஆனாலும் 20,000 முதல் 40,000 பேர் வரையோ அதற்கு மேலோ நாட்டில் அப்படி வாழ்வதாக யூட்டா, அரிசோனா அரசுகளின் அறிக்கை சொல்கிறது என்றும் இருந்தது. திருச்சபை சண்டைக்கு வந்துவிடக் கூடாதே என்ற கவலை அந்த இரண்டு வரியிலும் தெரிந்தது.

படுக்கையறைக் கதையை எதிர்பார்த்து உட்கார்ந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். இந்தத் தொடருக்கு ருசி நிர்வாகத்தில். இன்றைக்கு ராத்திரி பில் எந்த வீடு, முறையை மாற்றிக்கொள்வதென்றால் யாரிடம் சொல்ல வேண்டும், பொதுப் பணத்திலிருந்து யாருக்கு எவ்வளவு, ஒருத்தி வேலைக்குப் போனால் அவள் பிள்ளையை யார் பார்ப்பது என்பதெல்லாம் பெண்கள் மூவரும் கூடிப் பேசித் தீர்க்கிற விஷயங்கள். கணக்கும் காலண்டரும் மூத்தவள் பார்பிடம். இரண்டாமவள் நிக்கி யாருக்கும் தெரியாமல் கிரெடிட் கார்டில் பெருங்கடன் வாங்கி வைத்திருக்கிறாள். புருஷனுக்குத் தெரிந்துவிடும் என்பதைவிட பார்புக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம்தான் அவளுக்கு அதிகம். பெண்களின் ராஜ்யம் என்று நாம் முடிவு கட்டப் போகும்போது பில் வந்து, ஜெபம் செய்தேன், கடவுள் எனக்கு இன்னதைக் காட்டினார் என்கிறான். பேச்சு முடிந்தது. காலண்டர் அவர்கள் கையில் இருக்கலாம்; கடவுளோடு பேசும் அதிகாரம் அவனிடம் இருக்கிறது.

அந்த அதிகாரத்துக்குப் பெயர் ஆசாரியத்துவம். மார்மன் வீடுகளில் பையனுக்குப் பன்னிரண்டு வயதாகும் ஆண்டிலேயே அதன் முதல் படி கிடைத்துவிடும். பெண்ணுக்கு எந்த வயதிலும் இல்லை. 'பிக் லவ்' ஐந்து வருடம் சுற்றி வந்த மையம் இதுதான் என்பது என் எண்ணம். கள்ளக் கணக்கு, கொலை, தேர்தல் எல்லாம் அதற்கு மேலே போட்ட ஜோடனை.

கதையின் வேர் 1843இல் இருக்கிறது. மார்மன் மதத்தை நிறுவிய ஜோசஃப் ஸ்மித் அந்த வருடம் எழுத வைத்த வெளிப்பாடு, பலதார மணத்துக்கு வேத அங்கீகாரம் கொடுத்தது. அதில் முதல் மனைவியின் சம்மதம் பற்றி ஒரு விதி உண்டு. ஆபிரகாமுக்கு ஆகாரைக் கொடுத்த சாராளை முன்னுதாரணமாக வைத்த விதி. புது மனைவிக்கு முதல் மனைவி சம்மதிக்க வேண்டும். மறுத்தால்? பாவம் அவள் தலையில் விழும், கணவன் அவளைக் கேட்காமலே மேலே போகலாம். ஜோசஃபின் மனைவி எம்மா இதை ஏற்றுக்கொள்ள வேண்டும், இல்லையேல் அழிவு என்று அவர் பெயரையே சொல்லி எச்சரிக்கிறது அந்த வாசகம். சபையின் பெண்கள் அமைப்புக்கு 1842இல் முதல் தலைவியானவரும் இதே எம்மாதான்.

தொடரில் பார்ப் படும் பாட்டை இந்தப் பின்னணியோடு பார்க்க வேண்டும். அவள் பலதாரக் குடும்பத்தில் பிறந்தவள் அல்ல. திருச்சபையில் வளர்ந்த, படித்த, ஆசிரியை வேலை பார்க்கிற பெண். புற்றுநோய் வந்து கருப்பையை எடுத்தார்கள். அவளைப் பார்த்துக்கொள்ள வந்த நிக்கி பிறகு சக்களத்தி ஆனாள். பார்ப் சம்மதித்துத்தான் நடந்தது. உடம்பு தேறாமல், இனிப் பிள்ளை இல்லை என்று தெரிந்து கிடக்கும் ஒருத்தி கொடுத்த சம்மதம் எத்தகையது என்பதை, பார்பாக நடித்த ஜீன் ட்ரிப்பிள்ஹார்ன் வசனமே இல்லாமல், சிரித்த முகம் மாறாமல் ஐந்து சீசனும் காட்டுகிறார். முதல் சீசன் முடிவில், சிறந்த தாய் விருதுக்காக ஆளுநர் மாளிகைக்குப் போன இடத்தில் குட்டு வெளிப்படுகிறது. மகள் ஆசையாக விண்ணப்பித்த விருது அது.

நிக்கி வேறு ரகம். ஜூனிப்பர் க்ரீக் என்ற பலதாரக் குடியிருப்பில், தீர்க்கதரிசி என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ரோமன் கிராண்டின் மகள். கழுத்துவரை பித்தான் போட்ட உடை, பின்னிய நீள முடி. பார்ப் விட்டுக்கொடுத்து ஆள்கிறாள் என்றால் நிக்கி வேத வசனத்தை எடுத்து வீசி ஆள்கிறாள். பொய் சொல்வாள், உளவு பார்ப்பாள், குடும்பம் இன்னொரு குழந்தைக்குக் காத்திருக்கும்போது ரகசியமாகக் கருத்தடை மாத்திரை சாப்பிடுவாள். கருவுறுவதே பெண்ணின் மகிமை என்று வாயால் சொல்லிக்கொண்டே. இவளை வெறுக்க முடியாதபடி எழுதியிருக்கிறார்கள். ஜூனிப்பர் க்ரீக்கில் ஒரு படப் புத்தகம் இருக்கிறது, பெயர் ஆனந்தப் புத்தகம். கல்யாணத்துக்குத் தயாராக வைத்திருக்கும் சிறுமிகளின் படங்களைப் பெரிய மனிதர்கள் புரட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். நிக்கியின் படமும் ஒரு காலத்தில் அதில் இருந்ததுதான்.  இந்தப் பாத்திரத்துக்காக க்ளோயி செவின்யிக்கு 2010இல் கோல்டன் குளோப் விருது கிடைத்தது.

கற்பனை மிகை என்று சொல்லவும் வழியில்லை. தொடர் தொடங்கிய அதே 2006இல், ஆகஸ்ட் மாதம், எஃப்.பி.ஐ. தேடிய முதல் பத்துப் பேர் பட்டியலிலேயே இருந்த வாரன் ஜெஃப்ஸ் லாஸ் வேகாஸ் அருகே பிடிபட்டார். அடிப்படைவாத மார்மன் குழு ஒன்றின் தீர்க்கதரிசி. சிறுமிகளைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியதற்காக 2011இல் டெக்சஸ் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனையோடு இன்னும் 20 ஆண்டு கொடுத்தது. ஹாரி டீன் ஸ்டாண்டன் நடித்த ரோமன் கிராண்டிடம் ஒரு கிழட்டு வசீகரமாவது இருந்தது.

மூன்றாமவள் மார்ஜீனிடம் மதம் லேசாகத்தான் ஒட்டியிருக்கிறது. அவள் தேடி வந்தது குடும்பத்தை. பிறகு தொலைக்காட்சியில் நகை விற்கப் போய்ச் சொந்தக் காசு பார்க்கிறாள். ஐந்தாவது சீசனில் ஒரு உண்மையைச் சொல்கிறாள்: கல்யாணத்தின்போது அவளுக்குப் பதினாறுதான். ஜூனிப்பர் க்ரீக் வேறு, நாம் வேறு என்று நான்கு சீசனாகச் சொல்லி வந்த பில்லின் வீட்டிலும் ஒரு சிறுமியைத்தான் மணமகளாகக் கொண்டு வந்திருக்கிறார்கள். தனக்குத் தெரியாது என்கிறான். உண்மைதான். தெரிந்துகொள்ள அவன் மெனக்கெட்டானா என்ற கேள்வியைத் தொடர் கேட்காமல் நம்மிடம் விட்டுவிடுகிறது.

பார்பின் கதை முழு வேகம் பிடிப்பது 2009 மார்ச்சில் வந்த மூன்றாவது சீசன் எபிசோடில். திருச்சபை அவளைச் சபை நீக்கம் செய்யப் போகிறது. அதற்குள் கடைசியாக ஒரு முறை ஆலயத்துக்குள் போய்விட வேண்டும் என்று துடிக்கிறாள். வெள்ளை உடையில், அம்மாவும் சகோதரியும் துணையிருக்க, சடங்கில் நிற்கிறாள். வெளியாருக்குக் காட்டக் கூடாத சடங்கைக் காட்டிவிட்டதாகத் திருச்சபை வருத்தம் தெரிவித்தது, எச்.பி.ஓ. மன்னிப்புக் கேட்டது. ஆனால் அந்தக் காட்சியில் கேலி இல்லை. அவளைப் பொறுத்தவரை அந்த அறைதான் சொர்க்கம். அதிலிருந்துதான் அவளைத் தள்ளுகிறார்கள். பிறகு விசாரணை. ஒரு பெண், எதிரே தீர்ப்புச் சொல்ல வந்த ஆண்கள்.

நிஜத்திலும் அப்படி உட்கார்ந்த பெண்கள் உண்டு. சம உரிமைச் சட்டத் திருத்தத்துக்காகப் போராடிய சோனியா ஜான்சனை 1979இல் நீக்கினார்கள். பெண்களுக்கும் ஆசாரியத்துவம் கேட்டு இயக்கம் நடத்திய கேட் கெல்லியை 2014இல் நீக்கினார்கள். அதற்கு மூன்று ஆண்டுக்கு முன்பே, கடைசி சீசனில், பார்ப் அதைக் கேட்டுவிட்டாள். எனக்கும் அது உண்டு என்று நம்புகிறேன் என்று அவள் சொன்னதும் மூன்று மனைவிகளைக் கட்டிய புரட்சிக்காரன் பில் ஆடிப்போகிறான். ஊர் உலகத்தை எதிர்த்து நிற்கத் தெரிந்தவனுக்கு மனைவி தன் பங்குக்கு ஜெபிப்பதைத் தாங்க முடியவில்லை. இந்தச் சீசனில்தான் இன்னொன்றும் நடக்கிறது. நிக்கியின் மகளைச் சட்டப்படி தத்தெடுக்க வேண்டும் என்பதற்காக பார்ப் விவாகரத்துக் கொடுத்து, பில் நிக்கியைப் பதிவுத் திருமணம் செய்கிறான். அரசாங்கம் அங்கீகரித்த ஒரே மனைவி என்ற காகிதமும் பார்பின் கையை விட்டுப் போகிறது.

தொடருக்குச் சறுக்கல் இல்லாமல் இல்லை. நான்காவது சீசன் ஒரே இரைச்சல். மெக்சிகோ, பறவைக் கடத்தல், சூதாட்ட விடுதி, செனட் தேர்தல் என்று எல்லாவற்றையும் ஒன்பது எபிசோடில் திணித்து, கொல்லைப்புறத்தை மறந்துவிட்டார்கள். தேர்தலில் ஜெயித்த மேடையில் பில் மூன்று மனைவிகளையும் வரிசையாக நிறுத்தி அறிமுகப்படுத்தும் காட்சி மட்டும் தேறும்.

அந்த யூட்டா செனட்டுக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. யூட்டா பெண்களுக்கு 1870இலேயே வாக்குரிமை கிடைத்தது. ஓட்டுக் கொடுத்தால் பலதார மணத்தை அவர்களே ஒழித்துவிடுவார்கள் என்று வாஷிங்டனில் சிலர் கணக்குப் போட்டார்கள். அவர்கள் ஒழிக்கவில்லை. 1887இல் சட்டம் போட்டு வாக்குரிமையைப் பறித்தார்கள். யூட்டா தனி மாநிலமான 1896இல் அது திரும்பி வந்தது. அதே ஆண்டு நவம்பரில் மார்த்தா ஹியூஸ் கேனன் என்ற டாக்டர் மாநில செனட்டுக்கு ஜனநாயகக் கட்சி வேட்பாளராக நின்றார். ஏங்கஸ் கேனன் என்பவரின் நான்காவது மனைவி. எதிரணியான குடியரசுக் கட்சிப் பட்டியலில் ஏங்கஸும் இருந்தார். மனைவி ஜெயித்தார், கணவர் தோற்றார். அமெரிக்காவின் முதல் பெண் மாநில செனட்டர் இப்படித்தான் வந்தார். நான்கு மனைவிகளில் ஒருத்தி என்றால் மாதத்தில் மூன்று வாரம் சுதந்திரம் என்று பேட்டி கொடுத்தவர் அவர். ஆனால் கணவரைச் சிறைக்கு அனுப்பும் சாட்சியாகிவிடக் கூடாது என்று கைக்குழந்தையோடு இங்கிலாந்துக்கு ஓடி ஒளிந்து வாழ்ந்தவரும் அவர்தான். இவரைப் பாதிக்கப்பட்டவர் என்பதா, அதிகாரம் பெற்றவர் என்பதா? 'பிக் லவ்' எழுதியவர்கள் தங்கள் பெண்களிடம் இந்தக் கேள்விக்கு விடை கேட்டு நச்சரிக்கவில்லை. தொடரின் பலம் அது.

முடிவு பலருக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் பாதிதான் பிடித்தது. பில்லைக் கொல்வது எந்த மத எதிரியும் அல்ல. வேலை போன பக்கத்து வீட்டுக்காரன் கார்ல். அவன் வீட்டுக் காய்ந்த புல்தரையை பில் உதவியாக நினைத்துக் கேட்காமலே மாற்றிப் போட்டுவிட்டான். அந்த அவமானத்தில் தெருவிலேயே சுட்டுவிடுகிறான். அடுத்தவருக்கு எது நல்லது என்று தானே முடிவு செய்யும் ஒருவனுக்கு இதைவிடப் பொருத்தமான சாவை யோசித்திருக்க முடியாது. உயிர் போகும் நேரத்தில் பில் பார்பைப் பார்த்து, தனக்கு ஆசீர்வாதம் செய்யச் சொல்கிறான். அவள் அவன் தலையில் கை வைத்து ஜெபிக்கிறாள். பதினொரு மாதம் கழித்து, மகள் சாராவின் குழந்தைக்கு பார்ப் ஆசீர்வாதம் செய்வதோடு தொடர் முடிகிறது.

எனக்கு இடிக்கும் இடம் இது. ஐந்து சீசன் போராடியவளுக்கு அந்த உரிமை வந்து சேர்வது, சாகப் போகிறவன் மனசு வந்து கேட்டதால். ஆசாரியத்துவம் கடைசிவரை அவன் கொடுத்ததாகவே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு மார்மன் பெண்கள் நோயாளிகள் தலையில் எண்ணெய் பூசி, கை வைத்து ஜெபித்தவர்கள். பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண்களுக்கும் அதைச் செய்தவர்கள். இருபதாம் நூற்றாண்டில்தான் அந்த வழக்கத்தைச் சபை மெல்ல நிறுத்தியது. இந்த வரலாற்றை எழுத்தாளர்கள் எடுத்திருந்தால், பார்ப் தன் பாட்டிமாரிடமிருந்தே அதை வாங்கியிருக்க முடியும்.

2019 அக்டோபரில் திருச்சபை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஞானஸ்நானம் நடக்கும்போது பெண்களும் அதிகாரபூர்வ சாட்சியாக நிற்கலாம். அதுவரை அந்த இடத்தில் ஆண்கள் மட்டும்தான் நின்றார்கள். தண்ணீரில் இறங்கி ஞானஸ்நானம் கொடுப்பவர் இன்றைக்கும் ஆண்தான்.