குரல் தெரிந்ததுதான், ஆள் யார்?

"மாமா, என் கைத்தொலைபேசி கெட்டுவிட்டது. உங்களுக்கு 6 இலக்க எண் ஒன்று வரும். அதை எனக்கு அனுப்புங்கள்." அக்கா மகளின் படத்தோடு வாட்ஸ்அப்பில் வரும் இத்தகைய வேண்டுகோளை யார்தான் சந்தேகிப்பார்?

அந்த எண்தான் மாமாவின் வாட்ஸ்அப் கணக்குக்குச் சாவி. அதை அனுப்பியதும் கணக்கு மோசடிக்காரர் கைக்குப் போய்விடுகிறது. பிறகு மாமாவின் பெயரிலேயே உறவினர்களிடம் கடன் கேட்கப்படும். அக்கா மகளின் கணக்கும் முன்பே இப்படித்தான் பறிபோயிருக்கும்.

முன்பெல்லாம் குரலைக் கேட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும். இன்றோ, சமூக ஊடகத்தில் நாம் பதிவேற்றும் சிறு காணொளியிலிருந்தே செயற்கை நுண்ணறிவு ஒருவரின் குரலை நகலெடுத்துவிடுகிறது. பிறந்தநாள் காணொளிகூட அதற்குப் போதும்.

சிங்கப்பூரில் 2024ஆம் ஆண்டில் மட்டும் மோசடிகளில் பறிபோன தொகை 1.1 பில்லியன் வெள்ளி. பெரும்பாலான சம்பவங்களில், ஏமாந்தவர்களே தங்கள் கையால் பணத்தை அனுப்பியிருந்தார்கள். வங்கி எத்தனை பூட்டுப் போட்டாலும், உள்ளிருப்பவரே கதவைத் திறந்தால் என்ன செய்வது?

தற்காப்பு கடினமன்று. பணமோ எண்ணோ கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டு, ஏற்கனவே தெரிந்த எண்ணுக்கு நாமே அழைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் இரண்டு படிச் சரிபார்ப்பை அமைத்துக்கொண்டால், அந்த 6 இலக்க எண் மட்டும் கிடைத்தவரால் கணக்கைத் திறக்க முடியாது. ஐயம் எழுந்தால் சிங்கப்பூரில் 1799 எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

உண்மையான அக்கா மகள், மாமா திருப்பி அழைத்ததற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டாள்.