எந்தக் கிருமி என்று கேளுங்கள்

பச்சை முட்டையில் அடித்த மயோனைஸைத் தயாரிக்கக் கூடாது, வைத்திருக்கக் கூடாது, விற்கக் கூடாது என்று 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டது தமிழ்நாடு அரசு. ஆணையைப் பிறப்பித்த உணவுப் பாதுகாப்பு ஆணையரகம் இருப்பது தேனாம்பேட்டையில், டி.எம்.எஸ். வளாகத்தில். ஷவர்மாவுக்குத் தொட்டுக்கொள்ள இனி என்ன என்று இளவட்டங்கள் கவலைப்பட்டிருக்கலாம். என் கண்ணில் பட்டது வேறு. சால்மொனெல்லா டைஃபிமூரியம், சால்மொனெல்லா என்டெரிடிடிஸ், ஈ.கோலை, லிஸ்டீரியா என்று கிருமிகளைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருந்தார்கள்.

நமக்கு அந்தப் பழக்கம் கிடையாது. எது வந்தாலும் ‘வயிறு சரியில்லை’தான், கொஞ்சம் முற்றினால் ‘ஃபுட் பாய்சன்’. உடனே நேற்று ராத்திரி சாப்பிட்ட பரோட்டாவின் மேல் பழியைப் போட்டுவிடுவோம். ஸ்டாஃபிலோகாக்கஸ் நச்சு என்றால் சில மணி நேரத்திலேயே வாந்தியைக் கிளப்பிவிடும். அப்போது பரோட்டாக் கடையைச் சந்தேகிப்பதில் நியாயம் உண்டு. டைஃபாய்டு அப்படியல்ல. கிருமி உள்ளே போய் ஒரு வாரம், இரண்டு வாரம், சமயத்தில் அதற்கும் மேலே ஆகும் காய்ச்சல் தலைகாட்ட. அதற்குள் எத்தனை கல்யாண வீடு, எத்தனை கையேந்தி பவன் பார்த்திருப்போம்! கடைசியாகச் சாப்பிட்ட இடத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சுலபம். அது சரியான ஆளாக இருக்க வேண்டும் என்பதில்லை.

அண்ணா சாலையில் ஏஜி-டிஎம்எஸ் மெட்ரோ நிலையத்தில் ஏறி இறங்குகிற பலருக்கும் டி.எம்.எஸ். வளாகம் ஓர் அரசு அலுவலகக் கூட்டம், அவ்வளவே. பொதுச் சுகாதாரத் துறை இயக்குநரகமும் அங்கேதான் இருக்கிறது. எந்த மாவட்டத்தில் வாந்திபேதி தலைதூக்குகிறது, எந்தத் தெருவில் மஞ்சள்காமாலை என்ற கணக்கு வந்து சேருமிடம் அது. இந்த விஷயத்தில் நமக்கு முன்னோடி என்ற பெருமையும் உண்டு: பொதுச் சுகாதாரத்துக்கென்று நாட்டிலேயே முதல் சட்டம் 1939-இல் மதராஸ் மாகாணத்தில்தான் வந்தது. ஆனால், கணக்கு எவ்வளவு சரி என்பது கீழே ஆய்வகத்தில் ஒருவர் மாதிரியை எடுத்துப் பார்த்தாரா என்பதில் இருக்கிறது. பார்த்ததால் என்ன கிடைத்தது என்பதற்குச் சென்னையே சாட்சி.

1992-ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். சென்னையில் காலரா போலவே பேதி. நோயாளிகளின் மலத்திலிருந்து விப்ரியோ காலரே கிருமி வளர்ந்தது. வழக்கமான அடுத்த வேலை, கண்ணாடித் தகட்டில் கிருமியோடு, கொள்ளைநோய் பரப்பும் ஓ1 வகையை அடையாளம் காட்டும் எதிர்ச்சீரத்தை ஒரு சொட்டு கலப்பது. ஓ1 என்றால் மணல் மணலாகத் திரளும். இது திரளவில்லை. அன்றைய பாடப்புத்தகப்படி, திரளாதது கொள்ளைநோயைக் கிளப்பாது; அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பேதி வரவழைக்கும் சில்லறைக் கிருமி. ‘ஓ1 அல்லாதது’ என்று எழுதிவிட்டுத் தகட்டைக் கழுவிப் போட்டிருக்கலாம். போடவில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மேரி ஜேசுதாசனும் டி. ஜேக்கப் ஜானும் திரளாத கிருமி பெருகுவதைக் கவனித்து, 1993-இல் ‘லான்செட்’ இதழுக்கு எழுதினார்கள். கொல்கத்தாவின் தேசிய காலரா நிறுவனத்திலிருந்து டி. ராமமூர்த்தி முதல் ஆசிரியராக இருந்த குழு, தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் கொள்ளைநோயாகக்கூடிய புதுவகைக் கிருமி தோன்றிவிட்டது என்று அதே ஆண்டு, அதே இதழில் அறிவித்தது.

அதுவரை தெரிந்திருந்த 138 வகை எதிர்ச்சீரங்களில் எதற்கும் அது மசியவில்லை. ஆகவே 139 என்று எண் கொடுத்தார்கள். ஓ139 குழந்தைகளைவிடப் பெரியவர்களை அதிகம் சாய்த்தது. பழைய காலராவோடு காலமெல்லாம் பழகிய உடம்புகளுக்கும் இது புது எதிரி என்பதற்கு அதுவே அடையாளம். வங்கதேசத்தைச் சில மாதங்களில் சூறையாடியது. 1993-இல் இந்தியாவுக்கு வந்து ஊர் திரும்பிய கலிபோர்னியாப் பெண் ஒருவரிடமும் அகப்பட்டது. எட்டாவது உலகளாவிய காலராக் கொள்ளைநோயின் தொடக்கம் இதுவோ என்று பலர் அஞ்சினார்கள். நல்லவேளை, பழைய ஓ1 மறுபடி மேலோங்கியது. ஓ139 மெல்லப் பின்வாங்கியது. ஹைதராபாத்தில் தயாராகி 2009-இல் இந்தியாவில் அனுமதி பெற்ற ‘சான்கால்’ வாய்வழித் தடுப்பு மருந்தில் இந்தக் கிருமியும் ஒரு கூறாகச் சேர்க்கப்பட்டது.

அந்தக் கலிபோர்னியாப் பெண் மட்டுமா, பயணிகளின் பேதி என்று தனியாக ஒரு நோயே உண்டு. வெள்ளைக்காரர்கள் இந்தியாவுக்கு வந்தால் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள் என்று கேலி பேசுவோம். அதற்கு மிகப் பெரிய காரணம் நச்சுச் சுரக்கும் ஈ.கோலை. அது குடலில் நீரைக் கொட்டவைக்கும் என்பதற்கு 1956-லேயே தடம் காட்டியவர் கல்கத்தாவின் சம்பு நாத் டே. முயலின் குடலில் ஒரு துண்டை இரு பக்கமும் நூலால் கட்டி, உள்ளே கிருமியைச் செலுத்தி, குடல் நீர்கோத்து உப்புகிறதா என்று பார்த்தார். பெரிய கருவி ஒன்றும் இல்லை. 1959-இல் அதே முறையில், கிருமியை வடிகட்டி நீக்கிய திரவம் மட்டுமே போதும் என்று காட்டி, காலரா நச்சைக் கண்டுபிடித்தார். நோபலுக்கு அவர் பெயரைப் பரிந்துரைத்தவர்களில் அமெரிக்க மரபியலாளர் ஜோஷுவா லெடர்பெர்க்கும் ஒருவர். பரிசு வரவில்லை. 1985-இல் அவர் இறந்தபோது நாட்டில் அவரைத் தெரிந்தவர்கள் சொற்பம். இது நமக்கு வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல!

இப்போது வேலூருக்கு வருவோம். இங்கே இன்னொரு ஜேக்கப் ஜான் இருக்கிறார். மேலே சொன்ன டி. ஜேக்கப் ஜான் வைரஸ் நிபுணர்; இவர் சமுதாய மருத்துவப் பேராசிரியர். இவரை முதல் ஆசிரியராகக் கொண்டு, தடுப்பூசி ஆய்வாளர் ககன்தீப் காங் உள்ளிட்டோர் செய்த டைஃபாய்டு ஆய்வு 2023-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியானது. டெல்லி, கொல்கத்தா, வேலூர் நகரப் பகுதிகளிலும் புனே அருகே கிராமங்களிலும் ஆறு மாதக் கைக்குழந்தை முதல் 14 வயது வரை 24,062 பிள்ளைகளை வாராவாரம் விசாரித்தார்கள். காய்ச்சல் மூன்று நாள் நீடித்தால் பிளட் கல்ச்சர். அவ்வளவுதான் சூத்திரம், ஆனால் அதை ஆண்டுக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும். புனே கிராமங்களில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 35 பேர். நகரப் பகுதிகளில் 576 முதல் 1,173 வரை. அந்த உச்ச எண் வேலூருடையது. ஆண்டுதோறும் நூற்றில் ஒரு பிள்ளைக்கு மேல் டைஃபாய்டு என்று பொருள்.

பிளட் கல்ச்சர் ஏன் முக்கியம்? டைஃபாய்டு நோயாளியின் ஒரு மில்லி ரத்தத்தில் பல நேரம் ஒரு கிருமிகூடத் தேறாது. ஆகவே சிரிஞ்சில் தாராளமாக எடுத்து, சத்துக்குழம்பு உள்ள புட்டியில் செலுத்துகிறார்கள். புட்டி இயந்திரத்துக்குள் போகிறது. கிருமி இருந்தால் பெருகும். அது விடும் கரியமில வாயு புட்டியின் அடியில் இருக்கும் உணரியின் நிறத்தை மாற்றும். இயந்திரம் சத்தம் போடும். ஐந்து நாள் வரை பொறுத்துப் பார்ப்பார்கள். இத்தனை செய்தும் பத்தில் ஆறு பேரைத்தான் அது பிடிக்கும். முன்பே ஆன்டிபயாட்டிக் உள்ளே போயிருந்தால் அதுவும் குறையும். ஆனால் பிடித்துவிட்டால் லாபம் பெரிது: எந்த மருந்துக்குக் கிருமி சாகும், எதற்குச் சாகாது என்று அதை வைத்தே சோதித்துத் தெரிந்துகொள்ளலாம். ஒருகாலத்தில் கண்கண்ட மருந்தாக இருந்த சிப்ரோஃப்ளாக்சசின் இன்று இந்திய டைஃபாய்டில் அநேகமாகச் செல்லாக் காசு.

இதற்குப் பதிலாக நாம் செய்துகொள்வது வைடால். தெருமுனை லேபில் மாலையில் ரத்தம் கொடுத்தால் ராத்திரிக்குள் சீட்டு. ‘ஓ 1:160, எச் 1:80’ என்று அதில் இருக்கும். “டைஃபாய்டு பாசிட்டிவ்னு வந்திருக்கு சார்” என்று சொல்லிக்கொண்டே மருந்துக் கடைக்குப் போகிறோம். 1896-இல் பாரிஸில் ஃபெர்னான் விடால் வகுத்த சோதனை அது. அவர் ஊருக்கு, அவர் காலத்துக்குச் சரி. டைஃபாய்டு ஊறிப்போன நம் ஊரில் எப்போதோ வந்துபோன தொற்றின் எதிர்ப்பொருளும் சீட்டில் எண்ணாக நிற்கும். வேறு காய்ச்சல்களும் அந்த எண்ணை ஏற்றிவிடும். ஒற்றை வைடாலை நம்பி மருந்து எழுதுவது குத்துமதிப்பு. கேட்டால், நோயாளி ஐந்து நாள் காத்திருக்க மாட்டார் என்பார்கள். காத்திருக்கவே வேண்டாம், ரத்தத்தை எடுத்துக்கொண்டு சிகிச்சையை அன்றே தொடங்கலாம்.

மார்கழி வந்தால் மயிலாப்பூருக்கும் தி.நகருக்கும் அமெரிக்கப் பிள்ளைகள் வருகிறார்கள். மேற்கு நாடுகளில் டைஃபாய்டோடு மருத்துவமனைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் தெற்காசியாவிலிருந்து திரும்பியவர்கள். அவர்களிலும் உல்லாசப் பயணிகளைவிடச் சொந்தபந்தத்தைப் பார்க்க வந்தவர்கள் அதிகம். காரணம் எளிது. சுற்றுலாப் பயணி ஊசி போட்டுக்கொண்டு, சீல் உடைக்காத தண்ணீரோடு வருகிறார். நம் பிள்ளைகளோ, “நம்ம வீட்டுக்குப் போறதுக்கு எதுக்கும்மா ஊசி?” என்கிறார்கள். அங்கே பிறந்த பேரக்குழந்தைக்கு இந்த ஊர்க் கிருமியின் பரிச்சயமே கிடையாது. வெளியேறிப் பல ஆண்டான அப்பாவுக்கும் பழைய எதிர்ப்புச் சக்தி மங்கியிருக்கும். சபா கேன்டீனுக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. கல்லிலிருந்து நேரே இலைக்கு வரும் அடையில் பயமில்லை. வேகவைக்காமல் அரைத்து, மதியம் முதல் வாளியில் நிற்கும் தேங்காய்ச் சட்னி, எந்தத் தண்ணீரில் கரைத்தது என்று தெரியாத மோர், பழரசத்தில் மிதக்கும் ஐஸ், இவற்றில்தான் கண் வைக்க வேண்டும். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே டைஃபாய்டு தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் அங்கீகரித்த முதல் இணைவுத் தடுப்பூசி ஹைதராபாத்தில்தான் தயாராகிறது.

கேன் தண்ணீர்தானே வாங்குகிறோம் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கும் வேலூர் ஒரு செய்தி வைத்திருக்கிறது. அங்குள்ள குடியிருப்புகளில் புட்டியில் அடைத்த தண்ணீர் குடித்த குழந்தைகளையும் குழாய்த் தண்ணீர் குடித்தவர்களையும் ஒப்பிட்டார்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி இரு பக்கமும் தாராளமாகவே இருந்தது. தண்ணீர் ஒரு வழிதான். கை, பாத்திரம், தரை, சாக்கடை என்று அதற்கு வேறு வழிகளும் உண்டு.

உணவகத்தில் கை வைத்துச் சமைப்பவருக்கு ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனையும், டைஃபாய்டு வகைத் தொற்றுகளுக்கான தடுப்பூசியும் கட்டாயம் என்கின்றன உணவுப் பாதுகாப்பு விதிகள். டைஃபாய்டு வந்து தேறிய சிலரின் பித்தப்பையில் கிருமி காலங்காலமாகக் குடியிருக்கும்; ஆளைப் பார்த்தால் தெரியாது. தேனாம்பேட்டை அலுவலகம் மயோனைஸுக்குக் காட்டிய அக்கறையை இந்தச் சான்றிதழ்களைச் சரிபார்ப்பதிலும் காட்டினால் பலன் அதிகம் என்பது என் கட்சி.

நம் பங்குக்குச் செய்ய வேண்டியதும் உண்டு. காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால், ஆன்டிபயாட்டிக்கின் முதல் மாத்திரைக்கு முன் பிளட் கல்ச்சர் எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கடைசி மூன்று வாரத்தில் எந்த ஊர், எந்த விருந்து என்று சொல்லுங்கள். பேதி என்றால் முதலில் உப்பு-சர்க்கரைக் கரைசல். மருந்துக் கடைக்காரர் எடுத்துத் தரும் ஆன்டிபயாட்டிக் வேண்டாம். ஒரே பந்தியில் உட்கார்ந்த நாலு பேருக்கு வயிறு கெட்டால், மீந்த சாம்பாரைக் கொட்டிவிடாமல் மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு 104-க்குப் போன் போடுங்கள்.