இணையத் தொலைபேசியும் எங்கள் வீடும்

அறிவியல் ஈந்த வியத்தகு வசதிகளுள் இணையத் தொலைபேசியும் ஒன்று. அதனை மக்கள் விரும்பி ஏற்கக் காரணங்கள் எவை? எங்கள் வீட்டு அனுபவம் கொண்டே விளக்க முற்படுகிறேன்.

பழைய தொலைபேசியில், பேசும் இருவருக்கென ஒரு தடம் தனியே ஒதுக்கப்பட்டது. இணையத்திலோ நம் குரல் எண்களாக மாறி, சிறுசிறு பொட்டலங்களாகச் சென்று, மறுமுனையில் மீண்டும் குரலாகிறது. எனவே தூரத்திற்கேற்பக் கட்டணம் ஏறுவதில்லை. இந்தியாவில் இச்சேவை 2002 ஏப்ரலில் அனுமதிக்கப்பட்டது. எனினும் 2016இல் 4ஜி இணையம் மலிந்த பின்னரே எங்கள் சிற்றூரை எட்டியது. ஆகவே விலையே முதற் காரணம் எனலாம்.

விலை மட்டும் போதுமா? 2016இல் என் தந்தையார் ரியாத்துக்கு வேலைக்குச் சென்றார். சவூதி அரேபியாவில் 2013இல் வைபர் தடைசெய்யப்பட்டது. இத்தகைய அழைப்புகள் பலவும் தடைப்பட்டிருந்தன. கையில் இணையம் இருந்தும், தந்தையார் வெள்ளிதோறும் அட்டை வாங்கிப் பத்து நிமிடமே பேசுவார். 2017 செப்டம்பரில், விதிகளுக்கு உட்பட்ட செயலிகளுக்குத் தடை நீங்கிற்று. ஆகவே சட்டம் இரண்டாவது காரணம்.

மூன்றாவது, உடனிருப்போர். அறைத் தோழர்கள் வைத்திருந்த செயலியையே தந்தையார் ஏற்றார்; அதனால் அம்மாவும் அதையே ஏற்றார். எது சிறந்தது என எவரும் ஆராயவில்லை. பேச வேண்டியவர் எங்கிருக்கிறாரோ, அங்கேதானே நாமும் செல்வோம்!

நான்காவது, குரலின் தெளிவு. ஒரு சொல் மறுமுனையை அடைய 150 மில்லிநொடிக்கு மேலாகாதிருத்தல் நன்று என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல். தாமதம் மிகுந்தால் இருவரும் ஒரே நேரத்தில் பேசிவிடுவர். "நீ பேசுப்பா" என்பார் அப்பத்தா. "நீங்க பேசுங்கம்மா" என்பார் தந்தையார். பிறகு இருவரும் மௌனமாவர். ஆயினும் மகன் முகம் தெரிவதால் அப்பத்தா இணைப்பைத் துண்டிக்க விடுவதில்லை.

பழக்கத்திற்கு ஓர் ஆபத்தும் உண்டு. ஓரிரவு அப்பத்தாவுக்கு மூச்சுத் திணறியது. பதற்றத்தில் அம்மா செயலியைத் திறந்து தந்தையாரை அழைத்தார். "என்னை ஏன் கூப்பிடுற? 108க்குப் போடு!" என்று ரியாத்திலிருந்து அவர் அலறினார். எங்கள் செயலியில் 108ஐ அழைக்க வழியில்லை. சாதாரண அழைப்பே கைகொடுத்தது. அப்பத்தா பிழைத்தார்.

நண்பர்களே! வீட்டுப் பெரியவர்களுக்குச் செயலியைக் கற்றுத்தரும் நாம், 108ஐ அழைக்கவும் கற்றுத்தருவோம். அன்று நான் விடுதியில் இருந்தேன். என் அம்மாவுக்கு அதைச் சொல்லித் தராதவன் நானே.