ஜனவரி 30: ஒரே தேதியில் உலகப் போர்களும் நம் அந்தமானும்

பத்திரிகைகளில் ‘வரலாற்றில் இன்று’ என்று ஒரு பெட்டிச் செய்தி வரும். போர் மூண்ட நாள், கோட்டை விழுந்த நாள், உடன்படிக்கை கையெழுத்தான நாள் என்று நூற்றாண்டு வித்தியாசம் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே தேதியின் கீழ் அடுக்கி வைத்திருப்பார்கள். படிக்கச் சுவையாக இருக்கும். ஆனால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தம் உண்டா என்று யோசித்தால், பெரும்பாலும் கிடையாது. வருஷத்துக்கு 365 நாள்தானே, உலகத்தில் நடந்த சண்டைகளோ கணக்கில் அடங்காதவை. எந்தத் தேதியைத் தொட்டாலும் ரத்தம் ஒட்டத்தான் செய்யும்.

இருந்தும், தீவில் வாழும் நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு தேதி உண்டு. அது ஜனவரி 30. மெயின்லேண்டில் இருப்பவர்களுக்கு அது காந்தியடிகள் சுடப்பட்ட 1948 ஆம் ஆண்டை நினைவூட்டும் தியாகிகள் தினம். காலை 11 மணிக்குச் சங்கு ஊதும், இரண்டு நிமிடம் எழுந்து நிற்போம். ராஜ்காட்டில் முப்படைத் தளபதிகளும் மலர்வளையம் வைப்பார்கள். ஆனால் காந்தியடிகள் மறைவதற்குச் சரியாக நான்கு வருஷம் முன்பே அந்தத் தேதி அந்தமானில் துக்க நாளாகிவிட்டது. அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் உலகத்தில் இதே தேதியில் நடந்தவற்றைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

முதலில் தேதி என்பதே எவ்வளவு உறுதியானது என்று கேட்க வேண்டும். நம் வீட்டுத் திவசம் திதி பார்த்து வருகிறது. இங்கிலீஷ் தேதிப்படி ஒவ்வொரு வருஷமும் அது இடம் மாறிக்கொண்டே இருக்கும். வெள்ளைக்காரர் காலண்டரும் ஒன்றும் கல்வெட்டு இல்லை. இங்கிலாந்தில் உள்நாட்டுப் போரில் தோற்ற மன்னர் முதலாம் சார்லஸின் தலையை வெட்டியது 1649 ஜனவரி 30 என்று புத்தகங்கள் சொல்லும். அந்நாட்டில் 1752 வரை பழைய காலண்டர்தான் புழக்கத்தில் இருந்தது. இன்றைய கணக்குப்படி அது பிப்ரவரி 9!

வியட்நாமில் இன்னும் வேடிக்கை. 1968 இல் ‘டெட்’ என்னும் அவர்களுடைய புத்தாண்டுப் பண்டிகையை ஒட்டி, கம்யூனிஸ்ட் படைகள் தெற்கு முழுவதும் ஒரே நேரத்தில் தாக்கத் திட்டமிட்டன. வடக்கு வியட்நாம் அதற்கு முந்தைய வருஷம்தான் காலண்டர் கணக்கை மாற்றியிருந்தது. அதனால் புத்தாண்டு வடக்கில் ஒரு நாள், தெற்கில் மறுநாள் என்று ஆகிவிட்டது. சில படைப்பிரிவுகள் ஜனவரி 30 விடியற்காலையிலேயே பாய்ந்துவிட, சைகோனைத் தாக்க வேண்டியவர்கள் 31 இல் தாக்கினார்கள். முன்கூட்டி வெடித்ததற்கு இந்தக் காலண்டர் குழப்பமே காரணம் என்று வரலாற்றாசிரியர் பலர் விளக்குகிறார்கள். பஞ்சாங்கச் சண்டை நம் ஊரில் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம்.

ஜெர்மனியில் 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் பிரதமர் பதவி ஏற்றார். 1895 இல் அதே தேதியில் பிறந்தவர் வில்ஹெல்ம் குஸ்ட்லாஃப் என்ற நாஜிக் கட்சிக்காரர். அவர் பெயரை வைத்த கப்பல், 1945 இல் அதே ஜனவரி 30 இரவு பால்டிக் கடலில் சோவியத் நீர்மூழ்கியின் டார்பிடோ பட்டு மூழ்கியது. அதில் பெரும்பாலும் அகதிகள், பெண்கள், குழந்தைகள். இறந்தவர்கள் 9,000 பேருக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். ‘டைட்டானிக்’ சாவுகளைப் போல ஆறு மடங்கு. ஆனாலும் டைட்டானிக்கைத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு இந்தக் கப்பலின் பெயர் தெரியாது. 1972 இல் இதே தேதியில் வட அயர்லாந்தின் டெரி நகரில், ஊர்வலம் போன நிராயுதபாணிகள் மீது பிரிட்டிஷ் பாராசூட் படையினர் சுட்டார்கள். 13 பேர் அன்றே இறந்தனர். பிரிட்டிஷ் பிரதமர் அதற்குப் பார்லிமெண்டில் மன்னிப்புக் கேட்டது 2010 இல்.

இவையெல்லாம் தற்செயல் ஒற்றுமைகள். நம் கதையோடு உண்மையாகவே தொடுகிற ஒரு ஜனவரி 30 இருக்கிறது. அது 1902. அன்று லண்டனில் பிரிட்டனும் ஜப்பானும் நட்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. ஆமாம், இந்த இரண்டு நாடுகளும் இருபது வருஷம் கூட்டாளிகளாக இருந்தவை! முதல் உலகப் போரில் ஜெர்மனியின் எம்டன் கப்பல் 1914 செப்டம்பர் 22 அன்று சென்னைமேல் குண்டு போட்டதே, அப்போது அந்த எம்டனைத் தேடி இந்து மகாசமுத்திரத்தில் பிரிட்டிஷ் கப்பல்களோடு சுற்றியவர்களில் ஜப்பானியரும் உண்டு. 1915 பிப்ரவரியில் சிங்கப்பூரில் இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்தபோது, அதை அடக்க பிரிட்டிஷாருக்குக் கைகொடுத்து ஜப்பானியக் கடற்படையினர் கரையிறங்கினார்கள். பிற்பாடு ‘ஆசியா ஆசியர்களுக்கே’ என்று முழங்கிக்கொண்டு வந்ததும் இதே ஜப்பான்தான். இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1942 மார்ச் 23 அன்று ஜப்பானியர் போர்ட் பிளேரில் இறங்கினார்கள் (2024 முதல் ஸ்ரீ விஜய புரம் என்பது ஊரின் பெயர்). எதிர்ப்பு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. வந்த நாட்களிலேயே வீடுகளுக்குள் புகுந்து கொள்ளையும் கொடுமையும் தொடங்கின. ஆனாலும் ‘வெள்ளைக்காரன் போனான்’ என்ற நம்பிக்கையும் மக்களிடம் இருந்தது. இந்திய சுதந்திர லீக்கின் கிளை இங்கே அமைந்தது. பஞ்சாபிக் கவிஞரும் மருத்துவருமான திவான் சிங் அதன் தலைவர்.

அப்புறம் சந்தேகம் வந்தது. தீவுக்கு வரும் ஜப்பானியக் கப்பல்களை நேச நாட்டு நீர்மூழ்கிகள் தேடிவந்து தாக்கின. உள்ளே இருந்து யாரோ காட்டிக்கொடுக்கிறார்கள் என்று ஜப்பானியர் முடிவு கட்டினார்கள். உண்மையில் தகவல் போன வழி வேறு. போருக்கு முன் இங்கே போலீஸ் அதிகாரியாக இருந்த டெனிஸ் மக்கார்த்தி என்ற ஆங்கிலேயர், 1943 ஜனவரியில் ஒரு டச்சு நீர்மூழ்கிக் கப்பலில் வந்து, சிறு குழுவுடன் ரகசியமாகக் கரையிறங்கி, காட்டுக்குள் பதுங்கி உளவு பார்த்துவிட்டுப் போனார். ஜப்பானியக் கப்பல்களின் சங்கேதச் செய்திகளையும் நேச நாட்டினர் உடைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். மக்கார்த்தி காட்டில், சங்கேதம் கடல்கடந்து. அகப்பட்டவர்கள் ஊரில் இருந்தவர்கள். 1943 இலேயே ‘உளவு வழக்கு’ என்று சொல்லிச் சிலரைச் சுட்டார்கள். அந்த வருஷக் கடைசியில் திவான் சிங்கும் லீக் உறுப்பினர்கள் பலரும் செல்லுலார் சிறையில் அடைபட்டுக் கிடந்தார்கள்.

நேதாஜி வந்தது இந்தச் சமயத்தில்தான். 1943 நவம்பரில் டோக்கியோ மாநாட்டில், அந்தமான் நிக்கோபார் தீவுகளை ஆசாத் ஹிந்த் அரசுக்குத் தருவதாக ஜப்பானியப் பிரதமர் டோஜோ அறிவித்தார். டிசம்பர் 29 அன்று நேதாஜி இங்கே வந்து இறங்கினார். 30 அன்று ஜிம்கானா மைதானத்தில் மூவர்ணக் கொடி ஏற்றினார். அந்தமானுக்கு ஷாஹீத், நிக்கோபாருக்கு ஸ்வராஜ் என்று பெயர் சூட்டப்பட்டது. ஷாஹீத் என்றால் தியாகி. அவரைச் செல்லுலார் சிறைக்கும் அழைத்துப்போய்க் காட்டினார்கள். அவருடைய லீக்கைச் சேர்ந்தவர்கள் அதே கட்டடத்தில் சித்திரவதைப்பட்டுக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாதபடி பார்த்துக்கொண்டார்கள். ஊர்மக்கள் அவரிடம் தனியாகப் பேச வழி இல்லை.

1944 ஜனவரி 14 அன்று திவான் சிங் சிறையில் உயிர்விட்டார். நம் வீடுகளில் பொங்கல் வரும் நாட்கள் அவை. கொடி ஏறி ஒரு மாதம் நிறைந்த ஜனவரி 30 அன்று, 44 பேரைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுவந்தார்கள். ஊருக்குத் தெற்கே ஹம்ஃப்ரிகஞ்ச் என்ற கிராமத்துக்குக் கொண்டுபோய், மிக நெருக்கத்தில் வைத்துச் சுட்டு, அங்கேயே புதைத்தார்கள். 44 பேரில் பெரும்பாலோர் சுதந்திர லீக் உறுப்பினர்கள். பிரிட்டிஷாருக்கு உளவு சொன்னார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்த பிரிட்டிஷாரோடு ஜப்பான் கைகுலுக்கி அன்று சரியாக 42 வருஷம். அந்த இடத்தில் இப்போது ‘பலிதான் வேதி’ என்ற நினைவிடம் இருக்கிறது. ஜனவரி 30 தோறும் அங்கே அஞ்சலி நடக்கிறது.

டிசம்பர் 30 ஐ எல்லோருக்கும் தெரியும். மைதானத்துக்கு நேதாஜி பெயர், தபால் தலை, விழா எல்லாம் உண்டு. இந்த ஜனவரி 30 ஏன் நம்மில் பலருக்குத் தெரியவில்லை? எனக்குத் தோன்றும் காரணங்கள் இரண்டு. ஒன்று, 1948 இல் அதே தேதியில் விழுந்த பெரிய துக்கம் சின்னத் தீவின் துக்கத்தை மூடிவிட்டது. சங்கு ஊதும்போது நாடே காந்தியடிகளை நினைக்கிறது, அது நியாயமும்கூட. மற்றொன்று நம்முடைய வரலாறு. இங்கே ‘42க்கு முந்தினவங்க’ என்று ஒரு வகுப்பாரைச் சொல்வார்கள். ஜப்பானியர் வருவதற்கு முன்பே தீவில் வேர்விட்ட குடும்பங்கள் அவை. ஜப்பான் காலம் அவர்களுக்கு வீட்டுக் கதை. தமிழர்களில் பெரும்பாலோர் அப்படி இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு பிழைப்புக்காகக் கப்பலேறி வந்தவர்கள், 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின் பிறகு இலங்கையிலிருந்து வந்து கச்சால் ரப்பர் தோட்டத்தில் குடியமர்ந்தவர்கள். நம் பாட்டிமார் சொன்ன கதைகளில் கண்டிச் சீமை இருக்கும், ராமநாதபுரம் இருக்கும், ஹம்ஃப்ரிகஞ்ச் இருக்காது. அதனால் பள்ளிக்கூடத்தில் யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு.

அதற்காக இந்தக் கதையில் தமிழர் யாருமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நேதாஜி தம் அரசின் சார்பில் இந்தத் தீவுகளுக்குத் தலைமை ஆணையராக நியமித்தவர் ஆற்காடு துரைசாமி லோகநாதன். இந்திய மருத்துவப் பணியில் இருந்த ராணுவ டாக்டர், பிறகு இந்திய தேசிய ராணுவத்தில் பெரிய பதவி வகித்தவர். அவர் இங்கே வந்து சேர்ந்தது 1944 பிப்ரவரியில். அதாவது 44 பேரையும் புதைத்து நாலு வாரம்கூட ஆகவில்லை.

வந்தவரிடம் ஆட்சியை ஒப்படைத்தார்களா என்றால், இல்லை. யுத்த காலம் என்று சொல்லி ஜப்பானியக் கடற்படை எல்லாவற்றையும் தன் பிடியிலேயே வைத்துக்கொண்டது. உளவு வழக்குகளை நடத்திய போலீஸ் இலாகாவைத் தந்தால்தான் மற்ற இலாகாக்களை ஏற்பேன் என்று லோகநாதன் நின்றார். அவர்கள் தரவில்லை. போர் முடிந்தபின் டில்லி செங்கோட்டையில் நடந்த ஐ.என்.ஏ. விசாரணையில் சாட்சிக் கூண்டில் ஏறி அவரே இதைச் சொன்னார். கடைசியில் அவர் கைக்கு வந்தது கல்வி இலாகா ஒன்றுதான். தீவின் பள்ளிக்கூடங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உடம்பு கெட்டுப்போய், அதே 1944 இல் அவர் இங்கிருந்து புறப்பட்டுவிட்டார்.