பயிற்சியாளர் என்னும் பெயர்

பள்ளியிறுதித் தேர்வின் மதிப்பெண் பட்டியல் கைக்கு வருமுன்பே வேலை தேடும் படலம் தொடங்கிவிடுகின்ற ஊர்களுள் சுந்தரபாண்டியமும் ஒன்று. கைத்தறி நெசவு இவ்வூரின் பழந்தொழில். அத்தொழிலில் பயிற்சி என்று தனியே ஒன்றில்லை. தார் சுற்றப் பழகிய பிள்ளை, கால் எட்டும் வயதில் தறிக்குழியில் இறங்கிவிடும். கற்பிப்பவர் தந்தை, கூலி குடும்பத்துக் கூலி. இன்று தம் பிள்ளையைத் தறியில் விட நெசவாளர் பலர் விரும்புவதில்லை.

ஆகவே இளைஞர்தம் கண்கள் இராஜபாளையத்து நூற்பாலைகளை நோக்குகின்றன. 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா அங்கே இராஜபாளையம் மில்ஸை நிறுவினார். அதுமுதல் பஞ்சும் நூலுமாக வளர்ந்த நகர் அது. பக்கத்துச் சத்திரப்பட்டியோ மருத்துவக் கட்டுத்துணிக்குப் பேர்போனது.

ஆலை வேலைக்குச் செல்வோர் முதலிற் கேட்கும் சொல் 'அப்ரண்டிஸ்'. இச்சொல் நடைமுறையில் இருவகையாக வழங்குகிறது என்பதை நம் மாணவ நண்பர்கள் அறிதல் வேண்டும்.

1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டப்படி அமர்த்தப்படுவோர் ஒருவகை. இவர்க்கு எழுத்தில் ஒப்பந்தம் உண்டு. அது பதிவு செய்யப்படும். வயது நிரம்பாதவராயின் பெற்றோரோ காப்பாளரோ கையொப்பமிடுவர். மாதந்தோறும் உதவித்தொகையும், முடிவில் தேர்வும் சான்றிதழும் உண்டு. ஆனால் இவர் தொழிலாளி அல்லர். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலன்றி, பயிற்சிக்குப்பின் வேலை தரவேண்டிய கட்டாயம் ஆலைக்கு இல்லை.

மற்றொரு வகையினர் பெயரளவில் பயிற்சியாளர். அறுந்த நூலை ஒட்டும் வேலை சில மாதங்களிலேயே கைவந்துவிடும். அதன்பின் ஆண்டுக்கணக்கில் மற்றவரோடு சமமாக ஷிப்ட் பார்த்தும், பதிவேட்டில் மட்டும் பயிற்சியாளராகவே நீடிப்பர். தமிழகத்துச் சில ஆலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரால் இளம்பெண்களை விடுதியில் தங்கவைத்து, மூன்றாண்டு முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொன்னார்கள். இடையில் உடல்நலங் குன்றி ஊர் திரும்பியோர் பலர் அத்தொகையை இழந்தனர். திருமணச் செலவுக்கு உதவுவதாகச் சொல்லி, அவள் உழைத்த கூலியையே பிடித்து வைப்பது என்ன நியாயமோ!

இவ்விடத்தில் நினைவிற் கொள்ளத்தக்கது 1981-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம். 24 மாதங்களுக்குள் 480 நாட்கள் தொடர்பணி புரிந்த தொழிலாளி நிரந்தரமாக்கப்பட வேண்டும் என்கிறது அது. 480 நாட்கள் என்பது ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு வேலை. மூன்றாண்டுப் 'பயிற்சி' ஏன் சிலருக்கு வசதியாயிருக்கிறது என்பது இக்கணக்கைப் பார்த்தால் விளங்கும்.

ஆனால் நாட்களை எண்ணுவது யார்? வழக்கு என்று வந்தால் வாய்ச்சொல் எளிதில் நிற்காது. வருகை அட்டை, சம்பளச் சீட்டு, வருங்கால வைப்புநிதி எண் ஆகிய மூன்றும் வேண்டும். ஆள் சேர்க்க வீடு தேடி வரும் தரகரிடம் சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்டு அனுப்பிவிடுகிறோம். ஒப்பந்தம் எங்கே பதிவாகிறது, எந்தச் சான்றிதழ் கிடைக்கும், வைப்புநிதி எண் எந்த மாதம் வரும் என்பவற்றையும் கேட்கலாம். பத்தாம் வகுப்புப் படித்த தங்கைகூட இவற்றைக் கேட்க முடியும். பதிலைத் தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கி வைப்பதும் அவளால் ஆகும்.