18 டிகிரிக்குக் கீழே

பிரிட்டனில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் சாவு எண்ணிக்கை கூடும். பனியில் விறைத்து இறப்பவர்கள் அதில் மிகச் சிலரே. மாரடைப்பு, பக்கவாதம், நிமோனியா என்றுதான் பெரும்பாலும் சான்றிதழில் எழுதுவார்கள். வீட்டுக்குள் இருந்த குளிரைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இருக்காது.

உடம்புக்குள் நடப்பது

குளிரில் தோலை ஒட்டிய ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. ரத்த அழுத்தம் ஏறுகிறது, ரத்தமும் சற்றுக் கெட்டிப்படுகிறது. வயதான இதயத்துக்கு இது பெரிய சுமை. கூடவே, குளிர்ந்த சுவரில் ஈரம் படிந்து பூஞ்சை பிடித்தால் ஆஸ்துமா தலைதூக்கும். வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீட்டுக்கு அதுகூடப் போதாமல் போகலாம்.

2020 டிசம்பரில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. வாடகை வீட்டுச் சுவரில் நெடுநாள் படர்ந்திருந்த பூஞ்சையே காரணம் என்று மரண விசாரணையில் தீர்ப்பானது. சமூக வாடகை வீடுகளில் ஈரக்கசிவையும் பூஞ்சையையும் கெடுவுக்குள் சரிசெய்தாக வேண்டும் என்ற சட்டம் அக்குழந்தையின் பெயரில் 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

பில் குறைந்தால் நல்லதா?

வீட்டைப் போதிய அளவு சூடாக வைத்திருக்க வருமானத்தில் 10 சதவீதத்துக்கு மேல் தேவைப்பட்டால் அது எரிபொருள் வறுமை என்று ஆய்வாளர் பிரெண்டா போர்ட்மன் 1991இல் வரையறுத்தார். இங்கிலாந்தில் இப்போது வேறு அளவுகோல் உண்டு. ஆனாலும் அவர் கணக்கிட்டது தேவையைத்தான், செலவை அல்ல என்பது முக்கியம். ஹீட்டரை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் முடங்கும் பாட்டிக்கு பில் குறைவாகத்தான் வரும்.

வருமானமும் எரிபொருள் விலையும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். பில்லுக்குத் தரும் மானியம் அந்தக் குளிர்காலத்தோடு தீர்ந்துவிடும். வெப்பம் வெளியேறாமல் கூரைக்கும் சுவருக்கும் ஒழுங்காகப் போட்ட இன்சுலேஷனோ பல பத்தாண்டுகள் உழைக்கும்.

இன்சுலேஷன் உடல்நலத்தையும் காக்கும் என்பதற்கு நியூசிலாந்து நல்ல சான்று. பிலிப்பா ஹவ்டன்-சாப்மன் குழுவினர் அங்கே 1,350 குடும்பங்களிடம் நடத்திய ஆய்வு 2007இல் வெளிவந்தது. இன்சுலேஷன் போட்ட வீடுகளில் படுக்கையறை வெப்பம் அரை டிகிரிதான் கூடியது. ஆனால் ஈரப்பதம் குறைந்தது, எரிபொருள் செலவும் குறைந்தது. மூச்சிரைப்பு தணிந்தது, பள்ளிக்கும் வேலைக்கும் போகாத நாட்களும் குறைந்தன. 2009இல் அந்நாட்டு அரசு பெரிய மானியத் திட்டம் தொடங்கியது. பின்னர் கணக்குப் பார்த்தபோது, திட்டத்தின் பலனில் பெரும்பகுதி உடல்நலத்தில்தான் தெரிந்தது.

பணம் யாருடையது?

இங்கிலாந்தின் வார்ம் ஃப்ரண்ட் திட்டம் 2000 முதல் 2013 வரை வரிப்பணத்தில் நடந்து, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு உதவியது. 2013இல் வந்த ‘ஈகோ’ திட்டம் மின்சார, எரிவாயு நிறுவனங்களிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்தது. அவை செலவை எல்லோருடைய பில்லிலும் ஏற்றின. உதவி கிடைக்காமல் குளிரில் கிடப்பவரும் பங்கு கொடுத்தார். வரிப்பணமே நியாயம் என்பது என் கட்சி. 2025 நவம்பர் பட்ஜெட்டில் ஈகோவை முடித்துக்கொள்வதாக அரசும் அறிவித்துவிட்டது.

பணத்தைவிடப் பெரிய கோளாறு வேலையில் இருந்தது. 2022க்குப் பிறகு ஈகோ போன்ற அரசுத் திட்டங்களில் வெளிச்சுவருக்கு இன்சுலேஷன் போட்ட வீடுகளில் 98 சதவீதத்தில், சரிசெய்தே ஆகவேண்டிய குறை இருப்பதாக பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2025 அக்டோபரில் கூறியது. உட்சுவர் வேலையில் இது 29 சதவீதம். துணை ஒப்பந்தம் கைமாறிப்போய், போதிய பயிற்சி இல்லாதவர்கள் செய்த வேலை. சுவருக்குள் ஈரம் சிக்கிக்கொண்டால், பூஞ்சையைத் தடுக்க வந்த திட்டமே அதை வளர்த்துவிடும்.

வீட்டில் கவனிக்க

இன்சுலேஷன் போட ஆள் வந்தால், காற்றோட்டத்துக்கு என்ன வழி என்று முதலில் கேளுங்கள். லண்டன் தமிழ் வீடுகளுக்கு இது இன்னும் முக்கியம். சோறும் குழம்பும் கொதிக்கும் நம் அடுக்களையில் ஆவிக்குக் குறைவில்லை. சமைக்கும்போதும் குளித்த பிறகும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். படுக்கையறையில் ஈரத்துணி காயப்போட வேண்டாம். சாதாரண வெப்பமானி ஒன்றை அங்கே மாட்டிவையுங்கள்.

வேலை முடிந்ததும் உத்தரவாதப் பத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள். பிறகு சுவரில் கரும்புள்ளி தெரிந்தால், பெயின்ட் அடித்து மறைக்குமுன் தேதியோடு படம் எடுத்து, பத்திரத்தில் உள்ள முகவரிக்கு எழுத்துமூலம் புகார் அனுப்புங்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரருக்கும் ஒரு பிரதி.